இரட்டை நீலக் கோடு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்தில் கைலி நெய்பவன் நான். பதினைந்து வருஷங்களுக்கு முன், என் மனைவி காய்ச்சலில் இறந்த மறுவருஷம் இது நடந்தது. பிள்ளைகள் இல்லை. தறி நின்றால் வீட்டில் வேறு சத்தமே இராது.

நூல் கொடுக்கும் வியாபாரி ஒருநாள், "அதே கட்டத்தையே எத்தினி நாளுய்யா நெய்வ? வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா ஒண்ணு காட்டு. இல்லன்னா நூல் கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என் மனைவி தைத்த போர்வை. அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் பழைய புடவைகளைத் துண்டுகளாக வெட்டி, நிறம் பார்த்துச் சேர்த்துத் தைப்பார்கள். "இது எங்கம்மா வூட்டுப் போர்வ. ஒங்க துணிக்கு இதுல எடமில்ல" என்று கேலி செய்வாள். அதில் படுத்துத்தான் இறந்தாள். வழக்கப்படி அதைச் சலவைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதைப்போல் நெய்ய நினைத்தபோது நிறங்களின் வரிசை நினைவுக்கு வரவில்லை. அவள் முகமே மறந்துவிட்டதுபோல் பயந்துபோனேன்.

விசாரித்தேன். போர்வை சலவைக்காரம்மாவின் மகளிடம், ஆம்பூரில் இருந்தது. ரயிலேறிப் போனேன். தோல் ஊறும் தொட்டிகளுக்குப் பின்னால் வீடு. வாசலுக்கு வந்த அந்தப் பெண்ணிடம் நான் யாரென்று சொன்னேன்.

"இன்னாண்ணா, போர்வய திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. பாத்துட்டுப் போறேன்."

"பாக்கறதுக்கா ரயிலேறி வந்தீங்க? நல்ல ஆளுண்ணா!"

அவள் குழந்தை அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்க வேண்டாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன நூல்களை நிற வரிசைப்படி மூங்கில் குச்சியில் சுற்றினேன். நாங்கள் கட்டத்தைக் குறித்துக்கொள்வது அப்படித்தான்.

குழந்தை புரண்டது. அதன் அடியில், நட்டநடுவில், ஒரு வெள்ளைத் துண்டு. ஒரு நீலக் கோடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஒட்டி ஓடின. கல்யாணமான புதிதில் நான் நெய்து கெடுத்த துணி. வெட்கப்பட்டுக் குப்பையில் போட்டிருந்தேன். அவள் எடுத்து வைத்துத் தைத்திருக்கிறாள். கடைசிவரை சொல்லவே இல்லை.

"எட்த்துக்கினு போங்கண்ணா, அழாதீங்க" என்றாள் அந்தப் பெண். குழந்தைக்கே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காட்டிய கட்டத்தில் அந்த இரட்டை நீலத்தையும் வேண்டுமென்றே போட்டிருந்தேன். "இந்த ரெட்டக் கோடுதான்யா ஜோரு" என்றார் வியாபாரி. நூல் கிடைத்தது. இன்றும் அதையே நெய்கிறேன்.

சந்தையில் யாராவது அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தால், நாள் முழுக்க ஒருவரோடும் பேசாத எனக்கு, அவள் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது.

தாது வருஷம், மார்கழி மாதம் ஏழாம் தேதி.