பருத்திப்பட்டில் பார்த்த எலிப்டிக்கல்

மூட்டு வலிக்கு வீட்டிலேயே, நின்றபடி மிதிக்கும் எலிப்டிக்கல் மெஷினில் பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். என் பட்ஜெட்டுக்குக் கிடைத்த புது மெஷின்கள் ஏறி நின்றாலே ஆடின. கனமான மெஷினாகப் பழையது வாங்கலாம் என்று, 'அவசர விற்பனை' என்ற விளம்பரம் பார்த்து, பருத்திப்பட்டில் ஓர் இளம்பெண்ணின் ஃபிளாட்டுக்கு லோடு ஆட்டோவோடு போனேன்.

"மிதிச்சுப் பாருங்கக்கா, சத்தமே வராது" என்றாள். உண்மைதான், ஆட்டமும் இல்லை. நான் மிதித்துக்கொண்டிருந்தபோதே அவள் கணவன் உள்ளே வந்தான்.

"யாரைக் கேட்டுடி விக்கிற?"

பதில் சொல்வதற்குள் அவள் கன்னத்தில் அறைந்தான். முடியைப் பிடித்திழுத்துத் தலையைச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. நான் குதித்து இறங்கிக் குறுக்கே போய் நின்றேன். அடுத்த அடி என் தோளில் இடியாக விழுந்தது. என் அலறல் கேட்டு ஓடிவந்த ஆட்டோக்காரர், அவனைத் தரையில் தள்ளிக் கையை முறுக்கினார்.

"பொம்பள மேல கை வெக்கிறியா? அக்கா, நீங்க ரெண்டு பேரும் கீய போங்க!"

நான் போன் செய்து வரவழைத்த போலீஸ் வரும்வரை அவர் பிடியை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகு அவள் சொன்னாள்.

"திருநின்றவூர்ல வாடகைக்கு வீடு பாத்துட்டேன்க்கா. அந்த மெஷினை வித்துட்டு, அவருக்குத் தெரியாம கிளம்பிடலாம்னு இருந்தேன்."

பேரம் பேசாமல், கேட்ட பணத்தை அவள் கையில் வைத்தேன்.

இப்போதெல்லாம் அவசர விற்பனை என்று எங்கே பார்த்தாலும், விலையைப் படிப்பதற்கு முன், விற்பவர் பத்திரமாக இருக்கிறாரா என்றுதான் மனம் கேட்கிறது.