பைக்குள் நின்ற காற்று

அந்தப் பை எங்கள் பட்டறைக்கு வந்தபோது அதோடு ஒரு தாளும் வந்தது. அதிலிருந்த மொழி எங்கள் இருவருக்கும் தெரியாது. கொழும்பில் தளபாடக் கடையை மூடிவிட்டுப் போன ஒருவரிடம் என் கணவர் பையை வாங்கி, லொறியில் மானிப்பாய்க்குக் கொண்டுவந்தார். தடித்த பிளாஸ்டிக்கில் செய்த பெரிய பை, சின்னப் பம்ப் ஒன்று, இரண்டையும் இணைக்கும் குழாய், பம்பின் தலையில் அழுத்தம் காட்டும் ஒரு வட்ட மானி. பலகையில் பசை தடவி, மேலே வெனியரை விரித்துப் பைக்குள் வைக்க வேண்டும். பையின் வாயை இறுகப் பூட்டிப் பம்பைப் போட்டால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். வெளிக்காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்திக்கொண்டிருக்கும். வளைந்த பலகைகளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்று விற்றவர் சொன்னாராம்.

எங்கள் பட்டறையில் அறுப்பதும் இழைப்பதும் அவர் வேலை. வெனியர் என் வேலை. தாள்போலச் சீவிய தேக்கை அதன் வரிகளின் பூப் பார்த்து வெட்டி, துண்டோடு துண்டு பொருத்தி ஒட்டுவது எனக்குப் பிடித்த காரியம். அதனால் பையும் என் பொறுப்புக்கு வந்தது. தட்டையான அலுமாரிக் கதவுகள் சிலவற்றை அதில் ஒட்டினேன். குறை ஒன்றுமில்லை. எனக்கு அந்தச் சாமான் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகுதான் குருநகரிலிருந்து ஓர் அக்கா வந்தா. என்னைவிட நாலைந்து வயது மூப்பாக இருப்பா. அவவின் கணவர் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. முந்தின வருஷம் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் அவருக்கு இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து எழும்பி நடந்தார். அவர் நடந்தால் தங்கள் கோயிலுக்கு, வேதப் புத்தகம் வைத்து வாசிக்கும் வாசகமேடை செய்து தருவதாக அக்கா நேர்ந்திருந்தா. முன்பக்கம் அரை வட்டமாக வளைந்து, தேக்கில் மினுங்க வேண்டும். திருநாளுக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தது.

என் கணவர் அரை வட்டத்துக்கு ஓர் அச்சுச் செய்தார். மெல்லிய பிளைவுட் தாள்களை அதன் மேல் வளைத்து, கடைசியாக வெனியரை வைத்து, எல்லாவற்றையும் பைக்குள் தள்ளினோம். மானியின் முள் போக வேண்டிய மட்டும் போய் நின்றது. பின்னேரம் திறந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலையில் விரலால் தட்டிப் பார்த்தேன். இடது பக்கக் கீழ் மூலையில் ஓட்டைச் சத்தம். உள்ளங்கை அளவுக்கு வெனியர் ஒட்டவேயில்லை.

பசை பழசு என்று நினைத்துப் புதிய பசை வாங்கினேன். இரண்டாம் முறை மூலை சரியாக இருந்தது. நடுவில் ஒரு கொப்பளம் எழும்பியிருந்தது. பசை விற்ற கடைக்காரர் நான் தண்ணீர் கூடக் கலந்துவிட்டேன் என்றார். நான் தண்ணீரே கலக்கவில்லை. என் கணவர் மழை ஈரம் என்றார். அந்தக் கிழமை மழையே பெய்யவில்லை. பை எங்காவது பொத்தலாயிருக்கும் என்று பம்பை நிறுத்திவிட்டு, கதிரையைப் போட்டு மானிக்கு முன்னால் இருந்தேன். தேத்தண்ணி குடித்து முடித்தும் முள் அசையவில்லை. பொத்தலாயிருந்தால் அது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பை நல்லது. பை நல்லது என்றால் வெனியர் ஏன் எழும்புகிறது? இந்த இடத்தில் என் மூளை நின்றுவிடும். திரும்பவும் பசையிலிருந்து தொடங்குவேன்.

அக்கா கிழமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து பார்ப்பா. மூன்றாம் முறை நான் பம்பைப் போட்டுவைத்திருந்தபோது வந்தா. பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்றை வெளியே எடுத்தால் அது எப்படி அழுத்தும் என்று கேட்டா. நான் சொன்ன விளக்கம் எனக்கே விளங்கவில்லை. அவ குழாய் பொருத்திய இடத்தில் கையை வைத்து அழுத்தினா. பிறகு தள்ளிப்போய் அடிப்பக்கத்தை அழுத்தினா.

"தங்கச்சி, இஞ்சை கல்லு மாதிரிக் கிடக்கு. உந்தப் பக்கம் மெத்து மெத்தெண்டு கிடக்குது."

நான் எப்போதும் குழாயடியில்தான் தொட்டுப் பார்த்திருந்தேன். அக்கா சொன்ன இடத்தில் அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

"என்ரை மனிசன் சுழியோடேக்கை போடுற முகக்கண்ணாடியும் இப்பிடித்தான்," என்றா. "தாழத் தாழ அது முகத்தோடை ஒட்டி இழுக்கும். ஒருநாள் கண் ரெண்டும் ரத்தமாய் வந்தவர். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியிலை ஒரு கீறலும் இல்லை. ஒட்டின வட்டத்துக்குள்ளை மட்டும்தான் இழுத்திருந்தது."

நான் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த படத்தில் பலகைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தன. நிழலுக்குப் போட்ட கோடு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அது வலை. பையோடு ஒரு பிளாஸ்டிக் வலையும் சுருட்டி வந்திருந்தது. சாமான் உடையாமலிருக்கச் சுற்றியது என்று எண்ணி அதைக் கீரைப் பாத்திக்கு மேல் விரித்திருந்தேன், கோழி கிளறாமலிருக்க. குழாய் வாயடியில் பை முதலில் ஒட்டிக்கொண்டால் தூரத்துக் காற்றுக்கு வழி இல்லை. வலை இருந்தால் அதன் கண்களுக்குள்ளால் காற்று வந்துசேரும். அக்கா போன பிறகும் இதை நாலைந்து தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

மூன்றாம் முறையும் அடிப்பக்கம் ஒட்டவில்லை. வலையைக் கழுவிக் காயவைத்து, இரண்டு நாள் கழித்து நாலாம் முறை ஒட்டினேன். இந்த முறை ஒவ்வொரு சாணுக்கும் கையை வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் கல். அடுத்த நாள் தட்டினேன். எங்கும் ஒரே சத்தம். தட்டிக்கொண்டே அழுதேன்.

மேடையை ஏற்ற வந்தபோது அக்காவின் கணவரும் வந்தார். மெலிந்த மனிதர், இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். மனைவி கண்ணாடிக் கதை சொல்லித்தான் வேலை சரிவந்தது என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இவ ஒருநாளும் கண்ணாடி போட்டதில்லை," என்றார். பிறகு பம்புக்குப் பக்கத்தில் குந்தி, குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய், பை முனையிலிருந்த சின்ன வடிகட்டியைக் கழற்றினார். "உது அடைச்சிருந்தாலும் இதே கதைதான். உங்கடை மானி பம்புப் பக்கம் நிக்குது. பைக்குள்ளை என்ன நடக்குதெண்டு அதுக்குத் தெரியாது. கடலுக்கடியிலை எங்களுக்குக் காத்து வாற குழாய் அடைச்சாலும் உதுதான் நடக்கும்."

வடிகட்டி சுத்தமாக இருந்தது. அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். நாலாம் முறை ஒட்டிய அன்று காலையில் அவர்தான் அதைக் கழற்றி, உள்ளே காய்ந்து கிடந்த பசையை ஊசியால் கிண்டி எடுத்தாராம். பாதிக்கு மேல் அடைத்திருந்ததாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் வலையோடை நிண்டீர். பிறகு மறந்துபோனன்."

வலைதான் என்றா அக்கா. வடிகட்டிதான் என்றார் அவவின் கணவர். மென்மையாக இருந்த பக்கத்தை நான் கையால் தொட்டுப் பார்த்தவள், அதனால் அக்கா பக்கம் சாய்ந்தேன். அடைத்த குழாயால் மெதுவாகக் காற்று வெளியேறினாலும் தூரப் பக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னதும் அதுவும் சரியாகப் பட்டது. லொறியில் ஏறியும் அவர்கள் வாக்குவாதத்தை விடவில்லை. பேச்சு எப்படியோ அவருடைய காலுக்குப் போய், ஆஸ்பத்திரியா நேர்த்தியா என்ற பழைய சண்டையாகிவிட்டது. என் கணவர் மேடையைக் கயிற்றால் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

அதன் பிறகு ஒருமுறை வலை போடாமல் ஒரு துண்டுப் பலகையை ஒட்டிப் பார்த்தேன். நன்றாக ஒட்டியது. அப்படியென்றால் வடிகட்டிதான் என்று முடிவுகட்டினேன். மறு கிழமை அதே மாதிரி இன்னொரு துண்டை வைத்தேன். ஒரு மூலை எழும்பிவிட்டது. வடிகட்டியைத் திறந்து பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது இரண்டையும் செய்கிறேன். வேலை முடிந்ததும் பையைத் துடைத்து, சிந்திய பசையை ஈரத்துணியால் எடுத்து, வலையை உதறிக் கொடியில் போடுகிறேன். வடிகட்டியை ஊசியால் கிண்டுகிறேன். பலகைகள் நன்றாகத்தான் வருகின்றன. பை அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. எழும்பிப் போய் மூலை மூலையாகத் தொட்டுப் பார்க்கிறேன்.