பதினேழாம் படிவம்

"இவ்வாய்வாளர் தற்சார்பும் துணிவும் மிக்கவர்; எத்தகைய களச்சூழலிலும் அஞ்சாது தரவு திரட்டும் ஆற்றல் படைத்தவர்." வேணியின் ஆய்வேட்டில் மூன்றாம் பக்கத்தில், நெறியாளர் அரவிந்தனின் கையெழுத்தோடு இப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது. அச்சில் வந்ததை நம்பும் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மருங்காபுரியிலிருந்து திருச்சிக்குப் படிக்க வந்த வேணிக்கு லிஃப்ட் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். நெறியாளர் தொண்டையைச் செருமினால் பயம். ஸ்ரீரங்கத்தில் அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில், சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லப் பயந்து ஆறு வருஷம் உப்பில்லாமலே சாப்பிட்டாள்.

இப்படிப்பட்டவள் எடுத்த பாடம் தொழிலாளர் பொருளியல். முனைவர் பட்டத்துக்கு எடுத்த தலைப்பு, ஜவுளிக்கடைகளில் சேலை விரிக்கும் பெண்கள். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்ததே, அதற்குப் பிறகு யாராவது உட்கார்ந்தார்களா என்பதுதான் அவள் கேள்வி. துணிச்சல்காரர்கள் பணவீக்கத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த மாதிரிக் கேள்விகள் பயந்தாங்கொள்ளிகளிடம்தான் வந்து சேருகின்றன.

காலையில் கடை திறக்குமுன் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களிடம் படிவம் நிரப்பினாள். படிவத்தில் பெயர் கூடாது, எண் மட்டுமே போட வேண்டும் என்பது ஆய்வு முறை. பதினேழாவதாக வந்த பவுனம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"எழுதிக்கோ பாப்பா. பதினாலு வருஷமா 'ஏ, மூணாம் மாடி'ன்னுதான் கூப்புடுறானுங்க. நீயாச்சும் பேரைப் போடு."

மறுக்கப் பயந்து எழுதினாள். அதைப் பார்த்த மற்றவர்களும் கேட்டார்கள். பெயர் விட்டுப்போன முதல் பதினாறு பேரும் திரும்பி வந்து கேட்டார்கள். கடைசியில் எல்லாப் படிவத்தின் தலையிலும் பெயர் ஏறிவிட்டது.

பவுனம்மாள் சொன்ன பதில் ஆய்வேட்டில், பதிலளித்தவர் எண் பதினேழு என்று மட்டும் குறித்து, அப்படியே வந்தது: "ஸ்டூல் எல்லாம் மேல குடோன்ல இருக்கு. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு இறங்கும், அவரு போனதும் ஏறிரும். எங்களவிட அதுக்குத்தான் லீவு ஜாஸ்தி."

முனைவர் பட்டத்தின் கடைசிப் படி பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு நூலகத்தில் பார்வைக்கு இருக்கும், பொதுமக்கள் வந்து கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். பொதுமக்கள் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒட்டுவார்கள். வருவது ஜூனியர் ஆய்வாளர்கள், அதுவும் மிக்சருக்காக.

அன்று காலை, காவிரிப் பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது பவுனம்மாளின் போன் வந்தது.

"பாப்பா, எங்க மேனேஜர் காலேஜு பக்கம் போறாராம். என் பேரு எங்கயும் வராதுல்ல? பெரியவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. இந்த வேலை போச்சுன்னா இன்னொரு கடைல இந்த வயசுல யாரு சேப்பாங்க?"

"வராதுங்க" என்றாள் வேணி. பெயர் ஏறிய படிவங்கள் அடங்கிய ரெக்ஸின் பை அவள் மடியிலேயே இருந்தது.

அரங்கில் மூன்றாம் வரிசையில் தைரியராஜ் உட்கார்ந்திருந்தார். தெப்பக்குளம் பக்கத்துப் பெரிய ஜவுளிக்கடையின் மேனேஜர். வருகைப் பதிவேட்டில் 'பொதுமக்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். முனைவர்களைவிட அக்கறையாக ஆய்வேட்டைப் படித்துக் குறிப்பு எடுத்து வந்திருந்தார்.

"மேடம், நான் பெருசாப் படிச்சவன் இல்ல. ஒரே ஒரு டவுட். இந்தப் பதினேழாம் நம்பர் நிஜமாவே இருக்காங்களா? இல்ல, நீங்களா உட்கார்ந்து எழுதினதா? குடோன் மேல இருக்கிற கடை இந்த ஊர்ல எங்களது ஒண்ணுதான். அதான் கேட்டேன்."

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பீமராவ் நியாயமான மனிதர். நியாயமானவர்களால் வரும் ஆபத்து தனி ரகம். "கேள்வி சரிதானே? மூலப் படிவங்களைக் கொண்டு வாங்கம்மா. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். அதுவரைக்கும் டீ சாப்பிடலாம்" என்றார்.

"சாருக்கு மதியம் டிரெயின் இல்ல? ஜங்ஷன்ல நானே கொண்டு விட்டுடறேன். படிவத்தைக்கூட கார்லயே பொறுமையாப் பாத்துக்கலாம்" என்றார் தைரியராஜ்.

பீமராவ் தலையாட்டினார். அரவிந்தன் வேணியின் பக்கம் குனிந்தார். "குடுத்துரும்மா. ஆறு வருஷ உழைப்பு."

பை நெறியாளர் அறையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பதினேழாம் படிவத்தைத் தேடி எடுத்து, பெயர் இருந்த மேல்விளிம்பைக் கிழித்தாள். அப்புறம்தான் உறைத்தது: இருநூற்றுப் பதினொன்றில் பெயர் இருந்து ஒன்றில் மட்டும் இல்லையென்றால், அது நெற்றியில் எழுதி ஒட்டுவது போல. முதல் படிவத்திலிருந்து ஆரம்பித்தாள். ரெங்கம்மாள். மெஹ்ரீன். சந்திரம்மாள். அவசரத்தில் சில படிவங்களில் வயதும் சேர்ந்து கிழிந்தது. வெளியே ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் மூச்சை நிறுத்தினாள்.

கதவு தட்டப்பட்டது. ஜூனியர் யமுனா. "அக்கா, சார் கூப்புடுறாரு. என்னக்கா பண்றீங்க உள்ள?"

"வயிறு சரியில்ல."

"சரிக்கா, மிக்சர் தீந்துருச்சு. அதையாவது சொல்லலாம்னு வந்தேன்."

முக்கால் மணி நேரம் கழித்து, முழங்கைவரை நனைந்த சுடிதாரோடு வந்து பையை மேஜைமேல் வைத்தாள். மேல்விளிம்பு கிழிந்த படிவங்களைப் பீமராவ் புரட்டினார்.

"பேரு எங்கம்மா?"

"இல்ல சார்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"இப்ப எங்க?"

அரவிந்தன் தொண்டையைச் செருமினார். வேணிக்குப் பயம் குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னும் கூடத்தான் செய்தது. அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தைரியராஜ் சொன்னபடியே பீமராவைக் காரில் ஜங்ஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் பார்க்கத்தான் ஒன்றும் இருக்கவில்லை. பவுனம்மாள் மூன்றாம் மாடியில் இன்றும் சேலை விரிக்கிறார், நின்றுகொண்டுதான். பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. "தரவுகளைப் பாதுகாக்க ஆய்வாளர் தவறிவிட்டார், களப்பணியை மீண்டும் செய்து ஓராண்டுக்குள் சமர்ப்பிக்கவும்" என்று அறிக்கை சொல்கிறது.

வேணி செய்தது இது: இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, எழுத்துத் தெரியாமல் போகும்வரை பிசைந்தாள்.