நாலாவது போல்ட்

ஹந்தானை மலையில் காற்று எழும்பினால், கீழே டவுனில் இருக்கிற எனக்கு அது முதலில் வயிற்றில்தான் தெரியும். நான் வீடுகளுக்கு டிவி டிஷ் பூட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கையோடு ஒட்டிக்கொண்ட வேலை இது. கண்டியைச் சுற்றியிருக்கிற மலைகளில் எத்தனையோ வீட்டுச் சுவர்களிலும் கூரைகளிலும் நான் முடுக்கிவிட்ட டிஷ்கள் நிற்கின்றன. காற்று வந்தால் அத்தனையும் என் கண்ணுக்குள் ஆடத் தொடங்கிவிடும்.

சும்மாவே நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போய், மறுபடி வருவேன். இந்தப் பயத்தினால்தான் என் வேலை சுத்தம் என்று ஆட்கள் சொல்வார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது சுத்தமில்லை என்று எனக்குத்தான் தெரியும்.

அது ஹந்தானையில், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒரு லயத்தின் கடைசிக் காம்பிரா. அங்கே குடியிருந்த பெண்ணின் புருஷனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற அவளும் கைக்குழந்தையும் மட்டும் இருந்தார்கள். பேச்சுத் துணைக்காவது இருக்கட்டும் என்று அவன் டிஷ் போடச் சொல்லியிருந்தான். பக்கச் சுவரில் நாலு ஓட்டை போட்டேன். மூன்றில் போல்ட் பிடித்தது. நாலாவதில் போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே பழைய மண், கையை வைத்தால் மாவாக உதிர்ந்தது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே படம் வந்துவிட்டது. வந்திருச்சு, வந்திருச்சு என்று அவள் குழந்தையிடம் சொல்லிச் சிரிப்பது வெளியே கேட்டது. நான் ஒரு குச்சியைச் சீவி அந்த ஓட்டையில் அடைத்து, போல்ட்டை மேலே அழுத்தி வைத்துவிட்டு வந்தேன். பார்க்கிறவனுக்கு நாலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நாளைக்குப் போய்ச் சரியாக்குவோம் என்று அன்றைக்கே நினைத்தேன். அந்த நாளை என்பது ஆறு மாதமாக வரவே இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு பகல், டவுனில் ஒரு கடை மாடியில் வேலையாக நின்றபோது காற்று பிடித்தது. குளத்துத் தண்ணீர் ஆட்டுத்தோல் போலச் சிலிர்த்தது. எதிர்க் கூரையில் ஒரு டிஷ் தன்பாட்டுக்கு மெல்லத் திரும்பி, யாரோ கூப்பிட்டதுபோல மலைப் பக்கம் பார்த்து நின்றது. கடைக்காரரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஹந்தானை பஸ் ஏறினேன். பாதி மலையில் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்ததால் இறங்கி நடந்தேன்.

அந்த நடை இன்றைக்கும் கனவு மாதிரிதான் ஞாபகத்தில் இருக்கிறது. கீழே கண்டி முழுக்கப் பனிக்குள் போய்விட்டது. மேலே போகப் போக நானும் அதற்குள் போய்க்கொண்டிருந்தேன். தேயிலைச் செடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை முதுகு காட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு டிஷ் மல்லாந்து கிடந்தது, நிறைய மழைத்தண்ணீரோடு. ஒரு மைனா அதன் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, பாதி மண்ணுக்குள். அவை யார் பூட்டியவையோ. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இது யார் தலையில் பட்டு இங்கே வந்தது என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். காற்றில் கால் தரையில் பாவாத மாதிரி இருந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. நின்று கேட்டால் காற்றுத்தான்.

லயத்தை அடைந்தபோது காற்று தணிந்திருந்தது. டிஷ் சுவரிலேயே இருந்தது. கீழ்ப்பக்கம் வளைந்து, நாலாவது போல்ட் குச்சியோடு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினும் சோப்புப் பெட்டியும்.

அந்தத் தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னண்ணே, படம் போயி அரை மணித்தியாலம்கூட ஆகல. யாரு சொன்னா ஒங்களுக்கு?"

காற்று சொன்னது என்றேன். அவள் சிரித்துவிட்டு பிளேன்டீ ஊற்றப் போனாள். அந்த நேரத்துக்குள் நான் வேறு ஓட்டை போட்டு, நல்ல போல்ட் ஒன்றை முடுக்கி, குச்சியைத் தூக்கி வீசியிருக்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் ஆறு மாதமாக என் வயிற்றில் கிடந்தது அன்றைக்கு வாய்க்கு வந்துவிட்டது. தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு இலேசாகிக்கொண்டு போனது.

அவள் ஏசவில்லை. சுவரைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள்.

"காலையில வெயில் விழுறது இந்த ஒரு எடத்துலதான்ணே. தெனமும் புள்ளயக் குளிப்பாட்டுறது இங்கதான்."

பிறகு, "சொல்லாம செஞ்சிட்டுப் போயிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இந்தத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்பது போலத்தான் சொன்னாள்.

டிஷ்ஷை இனி எங்கே பூட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சுவரே வேண்டாம் என்றாள். அன்றைக்கே டிஷ்ஷைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தேன். பழைய பெயின்ட் வாளி ஒன்றில் சீமெந்து ஊற்றி, நடுவில் குழாயை நிறுத்தி இறுகவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் அவளுடைய போஞ்சிப் பாத்தி ஓரத்தில் நிலத்தோடு டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்தேன். நான் வெளியே திருப்பத் திருப்ப, அவள் உள்ளேயிருந்து இல்ல, இல்ல என்றாள். கடைசியில் வருது என்று சொன்னபோது அந்தக் குரலில் முதல் தடவை இருந்த சிரிப்பு இல்லை. சுவரிலிருந்த நாலு ஓட்டையையும் சீமெந்து வைத்து அடைத்தேன். அவள் வந்து ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். நான் பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

ஒரு வாரம் கழித்து, காலையில் மேல் லயத்துக்குப் போகிற வழியில் அந்தப் பக்கம் போனேன். பனி விலகி நல்ல வெயில். பக்கச் சுவர் வெறுமையாக, இளஞ்சூடாக நின்றது. அவள் காம்பிராவின் மறுபக்கத்தில், பாசி பிடித்த நிழலில், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அது குளிரில் காலை உதறிக் கத்தியது.

"அங்கிட்டு வெயில் அடிக்குதே, தங்கச்சி," என்றேன்.

"தெரியும்ணே," என்று நிமிராமலே சொன்னாள். "அந்தச் சுவருக்குக் கீழ புள்ளய வைக்க மனசு கேக்க மாட்டேங்குது. தண்ணியில கொஞ்சம் சூடு கூட்டிக்கிறேன்."