அக்கா ஏறாத பாலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடமாகத் தயங்கினேன். அக்காவின் முதலாண்டு நினைவு நாளிலாவது சொல்லிவிட நடராசப் பெருமான் தைரியம் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆறு, காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் மழைத் தண்ணீராகப் பிறக்கிறது. அங்கே அதைச் செம்மண் ஓடை என்பார்கள். அடுத்த ஊரில் கோண வாய்க்கால். எங்கள் ஊருக்கு வரும்போது வெறும் ஆறு. பிறகு உப்பங்கழியில் கலந்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

அக்கா அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர்கள். அம்மா போனபின் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர்கள். கல்யாணமான இரண்டாம் வருடமே மாமாவை இழந்து திரும்பி வந்தார்கள். மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை அக்காதான் அக்கரை சேர்ப்பார்கள். பனிமூட்டத்தில் தண்ணீரும் தெரியாது, கரையும் தெரியாது. அக்காவின் குரல் மட்டும் முன்னே போகும்: "நான் கால் வெச்ச எடத்துல வைங்கடா." இன்றும் கனவில் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருட மழைக்குப்பின் பாலம் கட்டினார்கள். நான் அதில் கூலி வேலை பார்த்தேன்.

"யோவ், ஆத்துக்குப் பேரு என்னய்யா? பலகையில எழுதணும்" என்றார் மேஸ்திரி.

ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். எழுதிவிட்டார்கள்.

அது அம்மன் பெயரும்கூட. ஆடி மாதம் பலகைக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அக்கா பதறினார்கள்.

"சாமி குத்தம்டா. போய் அழிச்சுட்டு வா."

"நீ பாட்டுக்குப் பாலத்துல போக்கா."

"அவுங்க எல்லாம் கும்பிட்டுட்டுப் போறாங்க. என்னை நானே கும்பிட்டுக்கிட்டுப் போவவா, பைத்தியக்காரா?"

கடைசிவரை தண்ணீரில் இறங்கியே போனார்கள். ஒருநாள் தார் டப்பாவோடு பாலத்துக்குப் போனேன். ஒரு பெண் கைக்குழந்தையைப் பலகையின் கீழே கிடத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

போன வருடம் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டார்கள்: "அழிச்சுட்டியாடா?"

"அழிச்சுட்டேன்க்கா."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சுடுகாடு அக்கரையில். பாலத்தின் வழியே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. சொன்னதும் மறுபேச்சில்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்த மச்சான்களுக்கும், முன்னே கழியால் ஆழம் பார்த்துப் போன பங்காளிகளுக்கும் என் கைகூப்பு.

அஸ்தி கரைக்கும்போது ஐயர் இறந்தவர் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஆற்றின் பெயரைக் கேட்டார். அதையே சொன்னேன்.

"ஆத்துப் பேரக் கேட்டேம்பா."

"அதாங்க சாமி."

பலகை அப்படியே இருக்கிறது. கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். ஆனால் அம்மன் கனவில் வந்து பெயர் வைத்ததாக யாரும் சேர்த்துவிட வேண்டாம். வைத்தவன் நான். வேண்டாம் என்றவர்கள் அக்கா. அவர்களிடம் நான் சொன்ன பொய்யையும் விட்டுவிடாமல், உள்ளது உள்ளபடியே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.