வட்டப் படகுக்கு நின்ற வரிசை

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "பெத்தவங்க மேல இவ்வளவு கோபம் ஆகாது" என்று மதினி போனில் புத்தி சொல்கிறாள். கோபம் என்ன, ஆகுமா ஆகாதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டா வருகிறது? வந்துவிட்டது. இறக்கி வைக்க வேறு இடம் இல்லாததால் எழுதுகிறேன்.

மே மாத விடுமுறைக்கு அப்பா, அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய ஐந்து வயதுப் பையன் எல்லாரும் சென்னையிலிருந்து எங்கள் ஜாதவ்பூர் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஒரு வங்காளியைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அவர்கள் என் வீட்டில் வந்து தங்குவது அதுதான் முதல் தடவை. என் மகளுக்கு எட்டு வயது. தாத்தா ஆச்சியைப் பெரும்பாலும் போன் திரையில்தான் பார்த்திருக்கிறாள். வங்காளப் பிள்ளைகள் அம்மாவின் அப்பாவை அழைப்பதுபோல அவரைத் தாது என்பாள்.

குழந்தைகளுக்காக இரண்டு பூங்காக்கள் போவதென்று திட்டம். முதலில் நியூ டவுனில் ஏரி உள்ள பெரிய பூங்கா, மறுநாள் ஊருக்கு வெளியே தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. அந்தத் தண்ணீர்ப் பூங்காவில் வட்டமான ரப்பர் படகு ஒன்று உண்டு. மொத்தக் குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வட்டமாக உட்காரலாம். படகு சுற்றிச் சுற்றிச் சரிவில் இறங்கும். என் மகள் அதை வீடியோவில் பார்த்துவிட்டாள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கூடத்தில் தலையணைகளை வட்டமாகப் போட்டு, எங்களை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். அவளுக்குப் பக்கத்துத் தலையணை தாதுவுக்கு. அதில் யாரும் உட்காரக் கூடாது. எனக்கும் அந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவளை அவர்கள் தங்கள் பிள்ளை என்று பக்கத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எங்கள் குடும்பத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் வளர்ந்ததும் இதே ஊரில்தான், பவானிபூரில், வாடகை வீட்டில். அப்பா அரசாங்கக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தவர். மீன் சாப்பிடாதவர் என்பது ஒன்றைத் தவிர முக்கால் வங்காளி. பாஷை தண்ணீர்பட்ட பாடு. அம்மாவுக்குத்தான் அது கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் வெளி ஆட்கள் முன்னால் வீட்டு விஷயம் பேச எங்களுக்குத் தமிழ்தான் திரைச்சீலை. புடவைக் கடையில் கடைக்காரரிடம் வங்காளத்தில் குழைந்துகொண்டே அம்மாவிடம், "சாயம் போயிரும், எந்திரி" என்பார். வீட்டுக்காரர் மனைவி வந்து உட்கார்ந்தால் சிரித்த முகத்தோடு, "இந்த அம்மா எப்பம் எடத்தைக் காலி பண்ணுவா?" என்பார். நானும் அண்ணனும் உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்க வேண்டும். எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே எதையெதையோ சொல்லி, ஒருநாளும் மாட்டிக்கொள்ளாத வாய் அது.

வந்த அன்று சாயங்காலமே அப்பா என் மகளை மடியில் இருத்தினார். "எங்க, தாத்தாவுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லு பாப்போம்."

அவள் நெளிந்தாள். வெட்கமாக இருக்கிறது என்று வங்காளத்தில் சொன்னாள். பிறந்ததிலிருந்து நான் அவளிடம் தமிழில்தான் பேசுகிறேன். அவள் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டு வங்காளத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. அதை நான் சொன்னேன். "அவளுக்கு எல்லாம் வெளங்கும்ப்பா. பேசத்தான் வராது."

"வெளங்குனா வாயத் தெறக்க மாட்டாளாக்கும்?" என்று சிரித்தார். அத்தோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. என் பிள்ளை திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள், வீட்டுக்காரர் மனைவியைப் போல.

மறுநாள் நியூ டவுன் பூங்கா. வெயில் தலையைப் பிளந்தது. அண்ணன் பையனை அப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். என் மகளும் கையைத் தூக்கினாள். அப்பா அவள் கன்னத்தைத் தட்டி, முகம் முழுக்கச் சிரிப்போடு, தமிழில் அம்மாவிடம் சொன்னார். "இதத் தூக்குனா நான் நேரா ஆஸ்பத்திரிதான். அரிசி மூடை மாதிரில்லா இருக்கா." அம்மா, "மீனுஞ் சோறுமா அள்ளிப் போட்டு வளத்தா வேற எப்படி இருக்கும்? இந்த ஒடம்ப எவன் கெட்டுவான்?" என்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! மதினி தன் பங்குக்கு, "மூக்கு முழியெல்லாம் லெச்சணந்தான். நெறந்தான் நம்ம பக்கமும் இல்ல, அவுக பக்கமும் இல்ல" என்று ஆராய்ச்சி செய்தாள். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும் என்பார்கள். அன்று மூன்று நாக்குகள் சேர்ந்து புரண்டன.

என் மகள் எல்லாருடைய முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தபோது பாதியை அண்ணன் பையனிடம் நீட்டினாள். அவள் ஐஸ்கிரீமை யாருக்கும் கொடுக்கிற பிள்ளை அல்ல.

அன்று வீடு திரும்பியதும் அடுக்களையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க பேசுனதெல்லாம் அவளுக்கு வெளங்கியிருக்கு. ஐஸ்கிரீம் எறங்கல அவளுக்கு. போதும், நிப்பாட்டுங்க."

"ஒண்ணும் வெளங்கல. வெளங்கியிருந்தா அழுதிருக்க மாட்டாளா? சிரிச்சிக்கிட்டுல்லா இருந்தா" என்றாள் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே. "அப்படியே வெளங்குனாத்தான் என்ன, நாங்க என்ன அசலாளுகளா? உரிமை இருக்கப்போயித்தான சொல்லுதோம்."

உரிமையாம். கல்யாணத்துக்கு வராதவர்களுக்கு என் பிள்ளையின் எடையில் மட்டும் உரிமை. வாய் வரை வந்ததை விழுங்கினேன், மறுநாள் படகு இருக்கிறதே என்பதற்காக. இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியாதா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

தண்ணீர்ப் பூங்காவில் புடவையோடு எதிலும் ஏறவிட மாட்டார்கள். அம்மா மதினியின் சுடிதாரை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவால் மூன்று சுற்றுச் சுற்றி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்து வந்தாள். அப்பா அரை டிராயரில் நின்றார். என் கணவருக்கு அன்று ஒரே குஷி. தமிழில் அவருக்கு நாலு வார்த்தைதான் தெரியும். அதில் இரண்டு சாப்பாட்டுச் சமாச்சாரம். ஆனாலும் மாமனாருக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதென்ன, செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதென்ன. இத்தனை வருஷம் கழித்து மாமனார் வீட்டார் தன்னோடு சேர்ந்து வந்துவிட்டார்கள் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லாத குறை.

வட்டப் படகுக்கு நீள வரிசை. கயிறு கட்டிய தடுப்புக்குள் வளைந்து வளைந்து நகர்ந்தோம். எங்கள் முறை வந்தது. படகை இழுத்துப் பிடித்திருந்தவர், கனமானவர்கள் எதிரும் புதிருமாக உட்காருங்கள் என்று வங்காளத்தில் சொன்னார். எல்லாரிடமும் சொல்வதுதான். என் மகள் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

அப்பா அந்தக் கையைப் பிடித்தபடியே, என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஏட்டி, இவள எம்பக்கத்துல உக்கார வைக்காத. படகு ஒரு பக்கமாச் சாஞ்சி முங்கிரும். மாப்பிள்ளையோட அங்கிட்டுப் போகட்டும். ரெண்டு மூடையும் அங்கிட்டு இருந்தாத்தான் தராசு சரியா நிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

என் மகள் தாத்தாவின் கையை விட்டாள். மெதுவாகக் கயிற்றுக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். வயிறு வலிக்கிறது, நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்று வங்காளத்தில் சொன்னாள்.

அவ்வளவுதான். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "நீங்கல்லாம் மனுசங்களா?" என்று ஆரம்பித்தேன். "ஒரு வாரமா உங்களுக்கு எடம் புடிச்சு வச்சிருந்தா அந்தப் புள்ள. அதப் பாத்து மூடைங்கீங்க, நெறங்கீங்க, எவன் கெட்டுவாங்கீங்க. உங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இந்த வாயி வருமா? எம்புருசனும் எளிச்சவாயன், உங்க கூடச் சேந்து சிரிக்கான். அவன முன்னால வச்சுக்கிட்டே அவனையும் சொல்லுதீங்க!" பின்னால் நின்ற கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

"மெல்லப் பேசு, எல்லாரும் பாக்காங்க" என்று அப்பா பல்லைக் கடித்தார். "வெளங்காத புள்ளைக்கு நீயா வெளங்க வச்சு மானத்த வாங்குத."

என் கணவர் திருதிருவென்று விழித்தார். வீட்டில் நான் தமிழில் பேசுவதை அவருக்கு மாற்றிச் சொல்பவள் எப்போதும் மகள்தான். அவளிடம் குனிந்து, "கீ போல்சே ரே?" என்றார். என்னம்மா சொல்கிறார்கள்?

அவள் ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. தெளிவான வங்காளத்தில் சொன்னாள். "ஒன்றுமில்லை பாபா. தாதுவுக்கு நான் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். நான் வரவில்லை என்றதால் அவருக்கு வருத்தம். தாதுவை ஏன் வருத்தப்படவைக்கிறாய் என்று மா என்னைத் திட்டுகிறாள். நீ சிரிக்கும்போது அழகாக இருக்கிறாய் என்றும் தாது சொன்னார்."

என் கணவர் முகமெல்லாம் மலர்ந்து அப்பாவைப் பார்த்தார். கையைக் கூப்பவும் செய்தார்.

அப்பாவுக்கு வங்காளம் தெரியும் என்று முன்பே சொன்னேன். ஒரு சொல் விடாமல் கேட்டார். தான் சொன்னது ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் காதுக்குள் போயிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது. அம்மா அவர் கையை உலுக்கி, "என்ன சொல்லுதா?" என்றாள். படகுக்காரர் அவசரப்படுத்தினார். அண்ணன் குடும்பம் மட்டும் ஏறிக்கொண்டது.

இங்கே என் மனம் இளகியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். இளகவில்லை. அப்பா பிறகு வந்து "திதிபாய்" என்று வங்காளத் தாத்தாக்கள் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு அவளுக்குச் சோளப்பொரி வாங்கிக் கொடுத்தார். அவள் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். விருந்தாளியிடம் வாங்குவது போல வாங்கினாள். அம்மாவோ, "பாத்தியா, கொழந்த மனசுல ஒண்ணும் வச்சிக்கிடல" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

வெளியே வண்டி வருவதற்காக மர நிழலில் நின்றோம். நான், மகள், கணவர் மூன்று பேரும் ஒரு பக்கம். அவர் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "வயசானவர், ஆசையாகப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதற்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்தது அத்தனையும் இப்போதே இவரிடம் போட்டு உடைத்துவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

என் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தன் பாபாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு முகத்தில் சிரிப்பை மாறாமல் வைத்துக்கொண்டு, திக்காமல் திணறாமல், தமிழில் சொன்னாள்.

"சொல்லாத மா. பாபா அழுவாரு."

எட்டு வருஷமாக அவள் வாயிலிருந்து ஒரு தமிழ் வாக்கியம் கேட்கத் தவம் கிடந்தவள் நான். அது என் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற அவருக்கு ஒன்றும் புரியவில்லை.