செவ்வாய்க்கிழமை வரை விஜயா ஆண்ட்டி

விஜயா ஆண்ட்டி இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை நம் தமிழ்க் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு "ஓம் சாந்தி"களுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி: "அப்போ அவங்க ஓட்டு?" எழுதியவர் உடனே அழித்துவிட்டார். நான் பார்த்துவிட்டேன்.

வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் நமக்கு அதிபர் தேர்தலில் வேலை குறைவு. நியூஜெர்சி எந்தப் பக்கம் சாயும் என்று முன்பே தெரிந்ததுபோல்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இழுபறியெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில். அதனால் இரு கட்சிக்கும் உழைக்கும் நம்மவர்கள் வாரக்கடைசியில் பாலம் தாண்டிப் போய் ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டுவார்கள். ஆண்ட்டியின் வீடு அங்கே இருந்தது. கணவர் போய்ப் பல வருடம், பிள்ளைகள் இல்லை. எந்தக் கட்சியிலும் பெயர் கொடுக்காதவர். "முன்னாடியே சொல்லிட்டா ஒருத்தன் வீட்டுக்கு வர மாட்டான்" என்பார்.

தேர்தல் வருடத்தில் அவர் வைக்கும் கொலுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிற்க இடமிருக்காது. கணேஷ் அங்கிள் ஒரு கட்சிக்கு, முரளி அங்கிள் மற்றதற்கு. இருவரும் ஒரே சோபாவில் சுண்டல் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"முரளி, கூரைத் தண்ணி போற கட்டர்ல இலை அடைச்சிருக்கு. க்ளீன் பண்ணிட்டு வா, உன் ஆளைப் பத்திப் பேசலாம்" என்றார் ஆண்ட்டி.

முரளி அங்கிள் ஏறினார். கணேஷ் அங்கிள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

தேர்தல் இல்லாத வருடத்தில் நான் மட்டும் போனேன். மீதிச் சுண்டல் முழுவதையும் டப்பாவில் போட்டுக் கொடுத்து, "உனக்கு இங்க ஓட்டும் இல்ல, வாயும் இல்ல. நீ எதுக்குடி வந்த?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தப் படிப்பு அங்கே உதவவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை தபால் ஓட்டை அனுப்பிய மறுவாரம் மருத்துவமனையில் சேர்ந்தார். இதயம். அந்த மாநிலத்தில், தேர்தல் நாளுக்கு முன் இறந்தவரின் ஓட்டை எண்ணமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடிச்சுட்டா போதும். அப்புறம் எமன் வரட்டும்."

வராந்தாவில் முரளி அங்கிள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "டாக்டர் என்னம்மா சொல்றாரு? ட்யூஸ்டே தாண்டிருவாங்களா?"

உள்ளிருந்து ஆண்ட்டியின் குரல் வந்தது. "உள்ள வா முரளி. உனக்குத்தான் போட்டிருக்கேன். போய் வேண்டிக்கோ."

மாலையில் கணேஷ் அங்கிளிடமும் அதையே சொன்னார். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் இருவரும் தனித்தனியாக அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள்.

"நிஜமா யாருக்கு ஆண்ட்டி?" என்றேன்.

"எண்ணட்டும், சொல்றேன்."

தகனம் செவ்வாய்க்கிழமை மதியம். முந்தைய நாள் கணேஷ் அங்கிள் அழைத்தார். "நாளைக்கு வர முடியாதும்மா, கடைசி நாள், நிறைய கதவு பாக்கி. ஆமா, அவங்க யாருக்குப் போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அங்கிள். வாங்க, நேர்ல சொல்றேன்."

அடுத்து அழைத்த முரளி அங்கிளுக்கும் இதே பதில். இருவரும் வந்தார்கள். அதுவரை பெட்டியைத் தூக்கப் போதிய ஆளில்லாமல் காரருகே காத்திருந்தோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தூக்கும்போதுகூட என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கேட்டவுடன் கொடுத்துவிடாமல் இருப்பது. அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. அங்கிள்கள் இருவரும் அதை இப்போது இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.